களிநிலமும் வடிகாலும்: தக்காணக் கரிசலை முன்வைத்து ஒரு வேளாண் வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்திய வேளாண்மையின் வரலாறு பெரிதும் நீர்ப்பாசனத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஏரி, குளம், கால்வாய், கிணறு, அணை என நீரை நிலத்திற்குக் கொண்டுவந்த முயற்சிகள் கல்வெட்டுகளிலும் இலக்கியங்களிலும் அரசு ஆவணங்களிலும் விரிவாகப் பதிவுபெற்றுள்ளன. நிலத்தில் மிகுந்து நின்ற நீரை வெளியேற்றிய முயற்சிகளுக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. ஏரி வெட்டியவன் பெயர் கல்லில் நின்றது; வடிகால் வெட்டியவன் பெயர் எங்கும் நிற்கவில்லை. எனினும் களிப்பாங்கான நிலத்தில் பயிரோ மரமோ நிலைப்பதற்கு நீர்வரத்தைப் போலவே நீர்வடிவும் இன்றியமையாதது. நீர் தேங்கிய களிமண்ணில் வேர்கள் மூச்சடைத்து அழுகுகின்றன. பயிர் வறட்சியால் வாடுவதும் வெள்ளத்தால் வாடுவதும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால் இவ்விழப்பு பல வேளைகளில் இனங்காணப்படுவதுமில்லை.

நடவுக்கு முன்னர்க் களிநிலத்தைப் பண்படுத்தி நீர் வடியச்செய்யும் முறைகள் இந்தியாவில் எவ்வாறு அறியப்பட்டும் கையாளப்பட்டும் வந்துள்ளன என்பதைத் தக்காணம், நடு இந்தியா ஆகிய பகுதிகளின் கரிசல் நிலத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய நூல்கள், மக்கள் வழக்கு, குடியேற்றக்கால ஆய்வுகள், விடுதலைக்குப் பிந்தைய ஆய்வு நிறுவனங்களின் பணி என்னும் நால்வகைச் சான்றுகளும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

கரிசல் மண்ணின் இயல்பு

இந்தியாவில் கரிசலும் அதனைச் சார்ந்த மண்வகைகளும் சற்றேறக்குறைய 7.3 கோடி எக்டேர் பரப்பில் காணப்படுகின்றன. மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், குசராத்து, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் இவை மிகுதி. தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகள் சிதைந்து உருவான மண் இதில் பெரும்பகுதி. ஆங்கில நூல்களில் இடம்பெற்ற ‘ரெகூர்’ என்னும் பெயர் தெலுங்கின் ‘ரேகட’ என்னும் சொல்லின் வழிவந்தது. தமிழகத்தில் கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வழங்கும் ‘கரிசல்’ என்னும் பெயர் நிறத்தால் அமைந்தது.

மண்ணில் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுடைய துகள்களே களித்துகள்கள் எனப்படும். கரிசலில் இவற்றின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருக்கும். இத்துகள்களுள் மிகுதியானவை ‘சுமெக்டைட்டு’ வகையைச் சார்ந்தவை. தம் ஏடுகளுக்கிடையே நீரை ஏற்று விரிவதும், நீரை இழந்து சுருங்குவதும் அவற்றின் இயல்பு. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிப்பதும் மழையில் அவ்வெடிப்புகள் மூடிக்கொள்வதும் இதனால்தான். முதல் மழை வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்குகின்றது. மண் நனைந்து விரிந்தபின் நீர் இறங்கும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடுகின்றது. அதற்குமேல் பெய்யும் மழை மேற்பரப்பில் தேங்குகின்றது. அன்றேல் வளமான மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகின்றது.

இவ்வியல்பு உழவரை இருபுறமும் நெருக்குகின்றது. உலர்ந்த கரிசல் இரும்பென இறுகி ஏருக்கு இடந்தராது. நனைந்த கரிசல் கொழுவிலும் காலிலும் அப்பிக்கொள்ளும். அந்நிலையில் உழுதால் மண்ணின் நுண்துளைகள் மிதிபட்டு அடைபடும். அவ்வாறு பிசைந்த மண் காய்ந்தால் செங்கற்போல் ஆகின்றது. ஆதலின் களிநிலத்தின் வடிகாலை மேம்படுத்துவது வாய்க்கால் வெட்டுவதோடு முடிவதன்று. எப்போது உழுவது, நிலத்திற்கு எவ்வடிவம் கொடுப்பது, மண்ணோடு எதைக் கலப்பது, வடிந்த நீரை எங்கே விடுவது என்னும் நான்கு வினாக்களும் அதனுள் அடங்கும். இந்நான்கனையும் அளவுகோலாகக் கொண்டு வரலாற்றுச் சான்றுகளை நோக்குவது பொருந்தும்.

பழைய நூல்கள் காட்டும் நிலப்பண்பாடு

கௌடலீயரின் அருத்தசாத்திரம் வேளாண் அதிகாரியின் கடமைகளைக் கூறுமிடத்து, பல முறை உழுது பண்படுத்திய நிலத்தில் விதைக்கவேண்டும் என்கின்றது. அதே பகுதியில் நாட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கான மழையளவும் துரோணம் என்னும் அளவையால் தரப்பட்டுள்ளது. வறண்ட நிலத்திற்கு 16 துரோணமும், நீர்ப்பாங்கான நிலத்திற்கு அதனினும் ஒன்றரை மடங்கும் கூறப்படுகின்றன. அவந்திக்கு 23 துரோணம்; அசுமகத்திற்கு அதில் பாதியினும் சற்று மிகுதி. அவந்தி இன்றைய மாளவம். அசுமகம் கோதாவரிப் பகுதி. இவ்விரண்டும் கரிசல் பரந்த நாடுகள் என்பது கருதத்தக்கது. ஒரே வகை மண்ணாயினும் மழையளவு வேறுபடுமிடத்து நீரைத் தேக்குவதா வடிப்பதா என்னும் முடிவும் வேறுபடும். மிகுநீர்ப் பயிரையோ குறைநீர்ப் பயிரையோ மழையறிந்து விதைக்க வேண்டும் என அந்நூல் அடுத்துக் கூறுவது இதனோடு இயைகின்றது.

கிருஷிபராசரம் என்னும் வடமொழி வேளாண் நூல் உழவுக்குரிய பருவங்களை மதிப்பிடும் முறை களிநில ஆய்வுக்கு நேரிடையாகப் பயன்படுவதாகும். முன்பனிக்கால உழவைப் பொன்னுக்கும், இளவேனில் உழவைச் செம்பிற்கும் வெள்ளிக்கும், கோடை உழவைத் தானியத்திற்கும், கார்கால உழவை வறுமைக்கும் அந்நூல் ஒப்பிடுகின்றது. ஈரம் மிகுந்த மண்ணை உழுவதால் விளையும் கேட்டை இதனினும் சுருக்கமாக உணர்த்துதல் அரிது. நெல் வயலில் நின்ற நீரைப் பாத்திரபத மாதத்தில் வடித்து, வேரளவில் மட்டும் நீரை நிறுத்தினால் பயிர் நோயின்றி வளரும் என்றும் அந்நூல் கூறுகின்றது. நீர் விரும்பும் நெல்லுக்கே வடிகால் வேண்டும் எனில் ஏனைய பயிர்களுக்குக் கூறவேண்டுவதில்லை.

தோட்டப்பயிர்களைப் பொறுத்தவரை, 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத்சம்கிதையில் இடம்பெறும் விருட்சாயுர்வேத இயல் சிறப்பாகக் கருதத்தக்கது. மென்மையான நிலமே எல்லா மரங்களுக்கும் ஏற்றது என்று கூறும் அவ்வியல், அந்நிலத்தில் முதலில் எள்ளை விதைத்து, அது பூத்தபின் அதனை அங்கேயே நசுக்கி மண்ணோடு சேர்க்கவேண்டும் என்றும், நிலத்திற்குச் செய்யவேண்டிய முதற்பணி இதுவே என்றும் விதிக்கின்றது. மரம் நடுவதற்கு முன்னரே மண்ணின் கட்டமைப்பைத் திருத்தும் பசுந்தாள் உரமுறை ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னர் நூல்வழி நின்றது என்பதற்கு இது சான்றாகும். நீர்ப்பாங்கான நிலத்தில் வளரக்கூடிய 16 மரங்களையும் அவ்வியல் பட்டியலிடுகின்றது. நாவல், கடம்பு, அத்தி, மருது ஆகியவை அவற்றுள் சில. நிலத்தைத் திருத்தும் வழியோடு நிலத்திற்கேற்ற மரத்தைத் தேரும் வழியும் ஒருங்கே கூறப்பட்டிருப்பது நூலாசிரியரின் நடைமுறை நோக்கைக் காட்டுகின்றது.

அமரகோசத்தின் நிலவருக்கம் வளநிலம், உவர்நிலம், சேற்றுநிலம், நீர்மிகு நிலம் எனத் தனித்தனிப் பெயர்களைத் தருகின்றது. திருக்குறளின் உழவு அதிகாரம், ஒரு பலப் புழுதி காற்பலமாகுமாறு உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்னும் கருத்தை முன்வைக்கின்றது. இக்குறள் பொதுவாக உழவின் சிறப்பைக் கூறுவதாகவே விளக்கப்படுகின்றது. களிமண்ணின் இயல்போடு பொருத்தி நோக்கின் இதற்கு மேலும் ஒரு பொருட்சிறப்பு புலனாகும். நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி வரும்போது களிக்கட்டிகள் தாமே வெடித்து உதிர்ந்து பொலபொலப்பாகின்றன. காயவிடுதல் என்பது களிநிலத்தில் ஏர் செய்யாத பணியை வெயிலைக்கொண்டு செய்விப்பதாகும்.

இந்நூற்சான்றுகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. உழவுக்காலம், பசுந்தாள், மரத்தேர்வு ஆகியவை பற்றி நூல்கள் பேசுகின்றன. வடிந்த நீர் யாருடைய நிலத்தின் வழியே செல்லவேண்டும் என்பதைப் பற்றி அவை பேசவில்லை. அதற்குரிய விடையை மக்கள் வழக்கிலேயே தேடவேண்டியுள்ளது.

‘பதம்’ என்னும் கருத்தாக்கம்

களிநிலத்தை எப்போது தொடலாம் என்பதற்கு இந்திய மொழிகள் பலவற்றிலும் தனிச்சொற்கள் உள்ளன. மராட்டியில் ‘வாப்சா’, கன்னடத்தில் ‘ஹத’, தெலுங்கில் ‘பதுனு’, வங்காளத்தில் ‘ஜோ’, பஞ்சாபியில் ‘வத்தர்’, தமிழில் ‘பதம்’ என வழங்கும் இச்சொற்கள், மண்ணில் ஈரமும் காற்றும் உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்ற அளவில் அமைந்த நிலையைக் குறிப்பன. தமிழ்ச்சொல்லும் தெலுங்குச் சொல்லும் வடிவத்தால் ஒப்புநோக்கத்தக்கன. சோற்றுக்கும் பாகுக்கும் இரும்புக்கும் மண்ணுக்கும் ஒரே சொல்லைத் தமிழர் ஆண்டமை, பதம் என்பது கைப்பயிற்சியால் அறியப்படும் ஒரு கணநேர நிலை என்னும் தெளிவைக் காட்டும்.

கையளவு மண்ணை எடுத்துப் பிடித்து உருட்டுவதே இதற்கான தேர்வு. உருட்டியது கயிறுபோல் நீண்டால் ஈரம் மிகுதி. பிடித்தது அழுத்தியவுடன் உதிர்ந்தால் பதம். உருட்டவே இயலாது கட்டியாக நின்றால் பதம் கடந்தது. இன்றைய மண்ணியல் ஆய்வகம் களிமண்ணின் நெகிழ்வெல்லையை அறிய மண்ணை நூலாக உருட்டிப் பார்க்கும் தேர்வும் அடிப்படையில் இதுவேயாகும். செம்மண்ணில் பதம் பல நாள்கள் நீடிக்கும். கரிசலில் அது இரண்டொரு நாள்களில் கடந்துவிடும். அந்நாள்களில் ஊரிலுள்ள ஏர்கள் அனைத்தும் ஒரே வேளையில் நிலத்தில் இறங்கவேண்டியிருந்தது. ஏர் இல்லாதவரும், பிறர் நிலத்தை உழுதபின்பே தம் நிலத்திற்குத் திரும்பக்கூடிய உழைப்பாளரும் பதத்தை இழந்தனர். எனவே பதம் என்பது மண்ணின் பண்பாக மட்டுமன்றிச் சமூகத்தில் யாருக்கு முதலிடம் என்பதைக் காட்டும் குறியாகவும் விளங்கிற்று.

ஹவேலி முறையும் ஊர் உடன்பாடும்

நருமதைப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், குறிப்பாகச் சபல்பூர், நரசிங்கபூர் மாவட்டங்களில் வழங்கிய ‘ஹவேலி’ முறை, நடவுக்கு முன் நீர் வடித்தலின் மிகத் தெளிவான மரபுச்சான்றாகும். அங்குக் கரிசல் ஆழமானது, மழையும் மிகுதி. கார்காலத்தில் அந்நிலத்தை உழுவதோ களையெடுப்பதோ இயலாது. ஆகவே உழவர்கள் அப்பருவத்தில் பயிரிடுவதையே கைவிட்டு, வயலின் நாற்புறமும் வரப்பெழுப்பி மழைநீரைத் தேக்கினர். சூலை முதல் செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் தொடக்கம் வரை வயல்கள் குளங்களாக நின்றன. தேங்கிய நீர் களைகளை அழித்தது. மண் ஆழம்வரை நனைந்தது. விதைப்புக்குச் சின்னாள் முன்னர் வரப்பை வெட்டி நீரை வடித்து, மண் பதத்திற்கு வந்ததும் கோதுமை, கடலை, மசூர் ஆகியவற்றை விதைத்தனர். அதன்பின் பாசனமின்றியே பயிர் விளைந்தது.

இம்முறையின் உயிர்நாடி வரப்பை வெட்டும் நாளில் உள்ளது. மேல்வயலின் நீர் கீழ்வயலின் வழியாகவே ஓடையை அடையவேண்டும். மேலிருப்பவர் முந்தித் திறந்தால் கீழிருப்பவரின் விதை அழுகும். கீழிருப்பவர் வழிவிட மறுத்தால் மேலிருப்பவரின் பருவம் தவறும். எனவே வடிக்கும் வரிசை ஊரளவிலான உடன்பாட்டைச் சார்ந்தே நின்றது. 1997இல் புதுதில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட மரபு நீர்முறைகள் பற்றிய தொகுப்பு இம்முறையைப் பதிவு செய்துள்ளது. ஆழ்துளைக் கிணறும் சோயா மொச்சையும் பரவியபின் ஹவேலி வயல்கள் சுருங்கின. பயிர்மாற்றத்தோடு வடிகால் வரிசை பற்றிய உடன்பாடும் தளர்ந்தது.

குடியேற்றக்கால ஆய்வுகள்

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் களிநில வடிகால் ஒரு பெருமுயற்சியாக வளர்ந்தது. 1843இல் சான் ரீடு உருவாக்கிய உருளை வடிவச் சுடுமண் குழாய்களும், 1846இல் வடிகாலுக்குப் பொதுநிதியிலிருந்து கடன் வழங்க இயற்றப்பட்ட சட்டமும் அதற்குத் துணைநின்றன. அந்நாட்டின் அரச வேளாண் கழகத்தின் வேதியியலறிஞரான சா. அ. வோல்க்கர் 1889இல் இந்தியா வந்து சுற்றுப்பயணம் மேற்கொண்டார். 1893இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய உழவருக்குக் குறைந்தவரல்லர் என்றும், சிலவற்றில் மேம்பட்டவர் என்றும் மதிப்பிட்டது. குழாய்களையும் எந்திரங்களையும் அப்படியே கொண்டுவருவதே சீர்திருத்தம் எனக் கருதப்பட்ட காலத்தில் இம்மதிப்பீடு குறிப்பிடத்தக்கதாகும். 1898இல் சா. வா. லெதர் இந்திய மண்ணை வண்டல், கரிசல், செம்மண், சரளைமண் என நான்காகப் பகுத்தமை மண்ணியல் ஆய்வின் அடுத்த படிநிலையாகும்.

களிநில வடிகாலை இந்தியச் சூழலில் தனிப்பொருளாக எடுத்தாராய்ந்தவர்களுள் ஆல்பர்ட்டு ஹோவர்டும் அவருடைய துணைவியார் கேப்ரியேல் ஹோவர்டும் முதன்மையானவர்கள். ஆல்பர்ட்டு 1905இல் பீகாரின் பூசா ஆய்வு நிறுவனத்தில் பணியேற்றார். மண் அரிப்பு, மேற்பரப்பு வடிகால் பற்றிய அவருடைய கருத்துகள் 1915இல் பூசாவின் சிற்றேடாக வெளிவந்தன. வேருக்கு நீரைப் போலவே காற்றும் உணவு என்பதும், கார்காலத்தில் மண்ணின் நுண்துளைகள் அடைபடுவதே விளைச்சற்குறைவின் காரணங்களுள் ஒன்று என்பதும் அவர்தம் ஆய்வின் மையக்கருத்துகள். 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவரத்தொழில் நிறுவனத்தை நடத்தியபோது அவர் எதிர்கொண்டது மாளவத்தின் கரிசல். அங்கு யசுவந்த் வாட் என்பாருடன் இணைந்து உருவாக்கிய ‘இந்தூர் முறை’ மக்குரம் 1931இல் நூலாக வெளிவந்தது. அம்முறை இன்று உரமுறையாகவே நினைக்கப்படுகின்றது. களித்துகள்களை மணிமணியாகத் திரட்டி, அவற்றினிடையே காற்றும் நீரும் செல்ல வழிவிடுவது மக்கிய பொருளின் பணி என்பதை நோக்க, அதனை வடிகால் முறையாகவும் கொள்ளுதல் தகும். வராகமிகிரர் எள்ளைக்கொண்டு செய்வித்த பணியும் இதுவேயாம்.

அதே காலத்தில் தக்காணக் கால்வாய்ப் பகுதிகளில் எதிர்மாறான அனுபவம் நேர்ந்தது. 1885இல் திறக்கப்பட்ட நீரா இடக்கரைக் கால்வாய் போன்றவற்றின் நீரால் கரும்பு பெருகியது. வடிகாலற்ற கரிசலில் நீர்மட்டம் உயர்ந்து நிலம் உவராயிற்று. மோ. விசுவேசுவரய்யா நீராக் கால்வாயில் கொணர்ந்த தொகுதிப் பாசனமுறை, நீரைப் பரப்பிப் பகிர்ந்து ஒரே இடத்தில் மிகாமல் தடுக்க முயன்றது. வடிகாலைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் போக்கு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1960இல் பாசனத்திற்குத் திறக்கப்பட்ட சம்பல் கால்வாய்ப் பகுதியில், 1990களில் கனடா அரசின் உதவியுடன் நிலத்தடி வடிகுழாய்கள் பதிக்க வேண்டியதாயிற்று.

மேட்டுப்பாத்தியின் மறுவருகை

1972இல் ஐதராபாத்தையடுத்த பட்டன்செருவில் நிறுவப்பட்ட பன்னாட்டு வறள்நிலப் பயிராய்வு நிறுவனம் (இக்ரிசாட்) கரிசலின் கார்காலத் தரிசை முதன்மைச் சிக்கலாக எடுத்துக்கொண்டது. அந்நிறுவனம் வகுத்த ‘அகலப்பாத்தி – சால்’ முறையில், 100 சென்டிமீட்டர் அகலமுள்ள மேட்டுப்பாத்தியும் 50 சென்டிமீட்டர் சாலும் மாறிமாறி அமைகின்றன. சாலின் சரிவு நூற்றுக்கு 0.4 முதல் 0.8 வரை இருக்கும். அதாவது 100 மீட்டர் நீளமுள்ள சாலின் இரு முனைகளுக்கும் இடையே 40 முதல் 80 சென்டிமீட்டர் வரையே உயரவேறுபாடு உண்டு. சரிவு இதனினும் மிகுந்தால் மண் அரிக்கும். குறைந்தால் நீர் நிற்கும். சால்களின் நீர் புல்வாய்க்கால் வழியே குட்டையை அடைகின்றது. அறுவடைக்குப்பின் ஈரம் முற்றும் அகலுமுன்னரே நிலத்தை உழுது பாத்தியமைத்து, மழைக்கு முன்னரே வறண்ட மண்ணில் விதைப்பது இம்முறையின் மற்றொரு கூறு. 1976இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், இம்முறை நிலத்தில் இருபயிரும் சேர்ந்து எக்டேருக்கு ஏறத்தாழ 5 டன்னும், கார்காலத் தரிசு முறையில் ஏறத்தாழ 1 டன்னும் விளைந்தன.

1980களின் தொடக்கத்தில் மேதக் மாவட்டத்தின் தாட்டன்பள்ளி, மத்தியப் பிரதேசத்தின் பேகம்கஞ்சு முதலிய ஊர்களில் இம்முறை உழவர் நிலத்திற்குச் சென்றது. விளைச்சல் பயனை உழவர்கள் ஏற்றனர். ஆயினும் முறை முழுமையாகப் பரவவில்லை. சக்கரம் பூட்டிய மாட்டுக்கருவியின் விலை ஒரு தடையாக இருந்தது. அதனினும் பெரிய தடை நில எல்லை. நீர் சரிவைப் பார்த்து ஓடும். பட்டா எல்லையைப் பார்த்து ஓடாது. ஒருவர் பாத்தியைச் சரிவுக்கேற்ப அமைக்கவேண்டுமெனில் அடுத்தவர் நிலத்தின் வழியே நீர் செல்ல இசைவு வேண்டும். ஆய்வு நிலையத்தில் வாய்க்காலுக்கு உரிமையாளர் ஒருவரே, ஊரில் பலர். பிற்காலத்தில் இழுவை எந்திரத்தில் பூட்டும் விதைப்புக் கருவியின் துணையால் மகாராட்டிரத்தில் பாத்தி – சால் முறை சோயா நிலங்களில் இடம்பெற்றது. கருவித்தடை நீங்கினும் பொது வடிகால் பற்றிய வினா ஊர்தோறும் எஞ்சியே நிற்கின்றது.

நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்கள்

களிநிலத்தில் தோட்டம் எழுப்புவதன் நுட்பங்களை விதர்ப்பாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் வாயிலாகத் தெளிவாக அறியலாம். போன்சலே மன்னர் இரகூசியின் அரண்மனைத் தோட்டத்திற்கு 18ஆம் நூற்றாண்டில் ஔரங்காபாத்திலிருந்து இப்பழமரம் வந்ததாக மரபுவழிச் செய்தி உண்டு. நாகபுரி, அமராவதி மாவட்டங்களின் கரிசலில் அது வேரூன்றியது. பூக்கச் செய்வதற்காக மரத்தை வாடவிடும் ‘பஹார்’ முறையில் மண்ணின் ஈரம் குறையவேண்டும். ஈரத்தை விடாது பிடித்துவைக்கும் ஆழ்களியில் இது எளிதில் நிகழாது. மழைக்காலத்திலோ தேங்கிய நீரில் ‘பைட்டோப்தோரா’ என்னும் நுண்ணுயிரி வேரழுகலையும் பிசின்வடிதலையும் உண்டாக்குகின்றது. ஆகவே இத்தோட்டங்களில் வடிகால் என்பது பூவுக்கும் உயிருக்கும் ஒருங்கே தொடர்புடையதாகும்.

பொதுவாக 6 மீட்டர் இடைவெளியில் கோடையில் குழிதோண்டி, வெயிலில் ஆறவிட்டு, மழை தொடங்கியபின் கன்று நடுவர். கனத்த களியில் இக்குழியே பகையாவதுண்டு. குழிக்குள் மணலும் எருவும் இட்டு மண்ணை இளக்கினால், சுற்றியுள்ள இறுகிய களியிலிருந்து வழிந்த நீர் அவ்விளகிய மண்ணில் வந்து சேரும். வெளியேற வழியின்றிக் குழி கிணறாகும். அடியில் கல் பரப்புவதும் இதனைத் தீர்ப்பதில்லை. நீர் செல்ல மறுவழி இல்லாதவரை கல்லடுக்கு நீரைத் தாங்கும் தொட்டியாகவே நிற்கும். எனவே நிலத்தின் சரிவையொட்டி வரிசைகளுக்கிடையே சால் வெட்டி, அம்மண்ணை மரவரிசையில் மேடாக இட்டு, மேட்டின்மேல் கன்றை நடுவதே ஏற்ற முறையாகக் கொள்ளப்படுகின்றது.

களியில் மணல் கலப்பது பற்றிய பரவலான நம்பிக்கையும் இங்கு ஆராயத்தக்கது. சிறிதளவு மணலைக் களித்துகள்கள் சூழ்ந்து இறுக்கிக்கொள்ளும். விளைவு இளகிய மண்ணன்று, சுவர்மண். மணல் தன் இயல்பைக் காட்டவேண்டுமெனில் கலவையில் அது பாதிக்குமேல் இருக்கவேண்டும். ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண் ஏறத்தாழ 600 கனமீட்டர் ஆகும். அதற்கு ஈடாக மணல் கொணர்வது ஆற்றை அழித்துத் தோட்டம் எழுப்புவதாக முடியும். சுண்ணகச் சத்துடைய சிப்சம், சோடியம் மிகுந்த உவர்க்களியில் துகள்களைத் திரளச்செய்து நீர் இறங்க வழிவிடும். உவரற்ற களியில் அதனால் குறிப்பிடத்தக்க பயனில்லை. மண்ணின் தன்மையறியாது ஓரிடத்து மருந்தை வேறிடத்திற்கு இடுவதன் தவறு இதனால் விளங்கும்.

வடித்த கைகள்

வடிகாலின் வரலாறு உழைப்பின் வரலாறுமாகும். கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்திற்குக் கீழுள்ள களிவயல்களில் விதைப்புக்கு முன் நீரை இறைத்தல் இன்றியமையாதது. எந்திர இறைவைப் பெட்டியும் பறையும் வருமுன்னர், மரச்சக்கரங்களை இரவுபகலாகக் காலால் மிதித்து நீரை வெளியேற்றினர். வெளிப்புற வரப்புக்கான களிக்கட்டியை நீரில் மூழ்கி எடுத்துச் சுமந்தனர். அப்பணியில் பெரும்பங்கு புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களுடையது. 2013இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு குட்டநாட்டு வேளாண்முறையை உலக வேளாண் மரபாக ஏற்றது. அவ்வேற்பைப் பற்றிப் பேசுவோர் சக்கரம் மிதித்த கால்களையும் உடன் நினைத்தல் கடனாகும்.

மராட்டியத்தில் சோதிராவ் புலே 1883இல் எழுதி முடித்த உழவர் பற்றிய நூலில், குன்றுச்சரிவுகளின் மக்குச்சத்து மழைநீரோடு வீணாவதைச் சுட்டி, போரற்ற காலத்தில் படைவீரர்களையும் காவலர்களையும் கொண்டு கரைகள் கட்டுவிக்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். மழைநீரை நெறிப்படுத்துதல் தனியுழவரின் சுமையன்று, அரசின் பொறுப்பு என்னும் சிந்தனை அதில் உள்ளது. நூல்கள் விட்டுச்சென்ற நான்காம் வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த குறிப்பிடத்தக்க விடை இதுவெனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. களிநிலத்தில் நடவுக்கு முந்தைய வடிகால் என்பது உழவுக்காலம், நில வடிவம், மக்குப்பொருள், நீர்ப்போக்கு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு முறையாகும். முதல் மூன்றும் பற்றிய அறிவு பழைய நூல்களிலும் வட்டார வழக்குகளிலும் தொடர்ந்து இருந்துவந்துள்ளது. ஹோவர்டு, இக்ரிசாட் ஆகியோரின் ஆய்வுகள் அவ்வறிவை அளந்து உறுதிசெய்து விரிவாக்கின. நான்காவதான நீர்ப்போக்கு ஊரின் உடன்பாட்டாலேயே நடந்தது. ஹவேலி தளர்ந்ததும் அகலப்பாத்தி முழுமையாகப் பரவாததும் அவ்வுடன்பாட்டின் இன்மையைப் பெரிதும் காட்டுகின்றன.

மொழியாய்வாளர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. பதம், வாப்சா, ஜோ போன்ற சொற்கள் இந்திய மொழிகளில் நிலத்தைத் தொட்டறிந்தோர் சேர்த்துவைத்த அறிவு. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசலின் சொல்வளத்தைக் காக்கும் பணிக்கு வழிகாட்டியது. மண்பதம், வடிகால், வரப்பு, சால் ஆகியவை சார்ந்த சொற்களைப் பல இந்திய மொழிகளிலிருந்தும் திரட்டி ஒப்பிடும் தொகுப்பு ஒன்று உருவாக்கப்படுமாயின், மழையின் போக்கு மாறி ஒருநாட் பெருமழை களிநில உழவரை வருத்தும் இக்காலத்தில் அது வேளாண் ஆய்வுக்கும் துணைநிற்கும்.